ஆலையின் பசியும் காட்டின் பிணியும்

மரம் அறுக்கும் ஆலைக்கு அரசினர் பணம் கொடுத்தால் காடு வளருமா? கேட்ட மாத்திரத்தில் நகைப்புக்கு இடந்தரும் வினா இது. ஆட்டுமந்தையைக் காப்பதற்காக ஓநாய்க்கு விருந்து வைப்பார் உண்டோ என்றே எவருக்கும் தோன்றும். ஆயினும் அமெரிக்க நாட்டினர் 2021-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் நடைமுறைக்கு வந்த தம் அடிப்படைக் கட்டமைப்புச் சட்டத்தில் இதனையே எழுதி வைத்தனர். காட்டைச் சீர்ப்படுத்தும் பணியில் கழிவாக விழும் மரத்தை விலைக்கு வாங்கிப் பதப்படுத்தும் ஆலைகளுக்கு உதவுதற்கென்று அச்சட்டம் 40 கோடி டாலரை ஒதுக்கியது.

கடல் கடந்த நாட்டின் சட்டம் நமக்கு எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் குடியேறி வாழும் நம்மவருள் மரத்தை நம்பி உலைவைப்போர் பலர். ரப்பர் மரம் வெட்டுவோர், துண்டமாக்குவோர், லாரியில் ஏற்றுவோர், அறுவை ஆலையில் பலகை அடுக்குவோர், மரச்சாமான் கடையில் கணக்கெழுதுவோர் என அவர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். அதே வேளையில், நமக்குக் கிழக்கே நிமிர்ந்து நிற்கும் அகத்தியமலைக் காட்டினின்று இறங்கும் நெய்யாற்றை நம்பியே இவ்வூர்களின் வாழ்வு நடக்கின்றது. ஆலையும் நமக்கு வேண்டும். காடும் நமக்கு வேண்டும். இவ்விரண்டையும் ஒரே மானியத்தால் வாழவைக்க முடியும் என்று ஒருவர் சொல்வாராயின், அச்சொல்லை நின்று ஆராய்வது நம் கடன்.

அமெரிக்கர் கருத்து யாதெனின், அங்குள்ள மேலை மாநிலக் காடுகளில் 1910-ஆம் ஆண்டு ஒரு பெருந்தீ பரவி ஊர்களையும் உயிர்களையும் விழுங்கிற்று. அதன் பின்னர் எங்கே சிறு தீ எழுந்தாலும் உடனே அணைத்துவிடுவதென்று வனத்துறையினர் உறுதி பூண்டனர். அவ்வப்போது தவழும் சிறு தீயில் கருகியிருக்க வேண்டிய இளங்கன்றுகள் அனைத்தும் பிழைத்து நெருங்கி வளர்ந்தன. இன்று அங்கே தீப்பிடித்தால் அது தரையில் தவழ்வதில்லை. இந்நெருக்கத்தை ஏணியாகக் கொண்டு முதுமரங்களின் உச்சிக்கு ஏறுகின்றது. ஆகவே சிறு மரங்களைக் களைந்தெடுத்தாக வேண்டும். களைந்ததை வாங்குவார் யார்? விரல் பருமனும் கைப்பருமனும் உள்ள கோல்களுக்குச் சந்தை இல்லை. அருகில் ஆலை இல்லையேல் அவற்றைக் குவித்துக் கொளுத்துவதன்றி வேறு வழியில்லை. மானியம் பிறந்த கதை இதுவே.

நம் நாட்டின் நோய் வேறு. இங்கே காடு நெருங்கிவிட்டது என்பதன்று குறை. காட்டுக்கு உரியதல்லாத செடியும் மரமும் அதனுட் புகுந்து குடிகொண்டுவிட்டன என்பதே குறை. அவற்றுள் பல தாமாக வந்தவையும் அல்ல. உண்ணிச்செடி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாகக் கல்கத்தாத் தோட்டத்துக்கு வந்தது. வாட்டில் மரமும் யூகலிப்டஸ் மரமும் விறகுக்கும் தொழிலுக்குமென்று நீலகிரிப் புல்வெளிகளில் நடப்பட்டன. தென்னமெரிக்காவிலிருந்து வந்த மஞ்சட்கொன்றையைப் பூவின் அழகுக்காகவும் நிழலுக்காகவும் 1980-களில் வயநாட்டில் நட்டு வளர்த்தது சமூக வனத்துறையே. சீமைக் கருவேலத்தின் விதை 1877-இல் ஆந்திரத்துக் கடப்பைப் பகுதியில் தூவப்பட்டது. பின்னர் விறகுப் பஞ்சம் தீர்க்கும் வழியென்று தமிழகத்துக் கண்மாய்க் கரைகளுக்கும் வந்து சேர்ந்தது. இராமநாதபுரத்திலிருந்து வந்து இங்கே குடியிருப்போருக்கு அதன் முள்ளை நாம் விளக்க வேண்டுவதில்லை.

இவற்றுள் மஞ்சட்கொன்றையே இப்பொழுது பெருந்தொல்லை. வயநாட்டு வனவிலங்குப் புகலிடத்திலும் அதனை அடுத்த முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் அது பொன்னிறப் பூவுடன் கண்ணைக் கவர்ந்து நிற்கின்றது. மானும் யானையும் அதன் தழையை விரும்புவதில்லை. அதன் நிழலில் புல் வளர்வதில்லை. மேய்ச்சல் இழந்த விலங்கு ஊரை நோக்கி வருகின்றது. பின்பு ஊராரும் விலங்கும் மோதிக்கொள்ளும் செய்திகளை நாளிதழில் படிக்கின்றோம்.

‘வெட்டித் தள்ளுவதுதானே?’ என்பார் உண்டு. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் தளிர் விடும் இயல்பினது அம்மரம். பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் சொன்ன வழி வேறு: முதிர்ந்த மரத்தின் பட்டையை மார்பளவு உயரத்திலிருந்து தரைமட்டம் வரை சிறிதும் விடாது உரித்து, நின்ற நிலையிலேயே அது காய்ந்து மடியும்படி விடுதல் வேண்டும்; இளங்கன்றுகளை வேரோடு பிடுங்குதல் வேண்டும். இரண்டும் கையால் செய்யும் வேலை. பொறிக்கு அங்கே இடமில்லை, கூலிக்கே இடமுண்டு. மேலும் மண்ணுக்குள் உறங்கும் விதை அடுத்த மழைக்கும் முளைக்கும், அதற்கடுத்த மழைக்கும் முளைக்கும். எனவே ஒருமுறை போய்வந்தால் முடியும் பணியன்று இது.

பணம் வேண்டும் என்பது தெளிவாயிற்று. மரத்தை விற்று அப்பணத்தைப் பெறலாமே என்னும் எண்ணமும் இயல்பாகவே எழுந்தது. தமிழக அரசினர் 2022-ஆம் ஆண்டில் அயற்செடிகளை அகற்றிக் காட்டை மீட்பதற்கென்று தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டனர். கரூர் மாவட்டத்துப் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்துவரும் அரசு நிறுவனமாகிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை, மஞ்சட்கொன்றை மரத்தைக் கூழாக்க எடுத்துக்கொள்ள முன்வந்தது. கேரளத்தில் வெள்ளூர்க் காகித ஆலை இருக்கின்றது. 1982 முதல் நடுவண் அரசின் கீழ் இயங்கி, பின்னர் நின்றுபோய், மாநில அரசு ஏற்று 2022-இல் மீண்டும் திறந்த ஆலை அது. அதற்கு வயநாட்டிலிருந்து 5,000 டன் மஞ்சட்கொன்றையை டன்னுக்கு 350 ரூபாய் வீதம் கொடுப்பதென்றும், அப்பணத்தைக் காட்டை மீட்பதற்கே செலவிடுவதென்றும் முடிவாயிற்று.

கணக்கெழுதிப் பழகிய கை சும்மா இராதன்றோ? 5,000 டன்னை 350 ரூபாயால் பெருக்கினால் பதினேழு இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபாய் வருகின்றது. அவ்வளவு மரம் நின்ற நிலப்பரப்பு முழுவதிலும் வேர் களைந்து, கன்று பிடுங்கி, நாட்டு மரம் நட்டு, ஆண்டாண்டு காத்து நிற்பதற்கு அத்தொகை போதுமா என்பதை, ஒரு நாள் கூலி இன்று எவ்வளவு என்றறிந்த நம் வாசகரே தீர்மானித்துக்கொள்ளலாம். ஆலையாரைக் குறை கூறுவதும் முறையன்று. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். அந்நீரையும் சேர்த்து லாரியில் ஏற்றி, மலையிறக்கி, 200 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோகும் செலவு அவர்களுடையது. 350 ரூபாய்க்கு மேல் கேட்டால் வாங்க மாட்டார்கள். கேட்காவிட்டால் காட்டுக்குக் காசில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதற்குத்தான் மானியம் என்னும் பேச்சு எழுகின்றது. அதில் நியாயம் உண்டு என்பதே நம் கருத்து.

ஆனால் அம்மானியம் எவர் கையில் விழுகின்றது என்பதில்தான் அனைத்தும் அடங்கியுள்ளது. இதற்கு அமெரிக்காவைப் பார்க்க வேண்டியதில்லை. நம் கேரளத்திலேயே பாடம் கிடக்கின்றது. கோழிக்கோட்டை அடுத்த மாவூரில் சாலியாற்றங்கரையில் குவாலியர் ரேயான்ஸ் ஆலை அமைவதற்கு 1958-இல் ஒப்பந்தம் எழுதப்பட்டது. வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்திருந்த காலம். தொழிற்சாலை வரவேண்டும் என்ற ஆவலில் அரசினர் மூங்கிலை டன் ஒன்றுக்கு ஒரு ரூபாய் வீதம் கொடுக்க இசைந்தனர். ஆம், ஒரு ரூபாய்தான், அச்சுப்பிழையன்று. கூடை முடைந்து பிழைக்கும் ஏழைக் குடும்பம் சந்தையில் கொடுத்த விலையோ அதனினும் பன்மடங்கு. கையில் நேரடியாகப் பணம் கொடுக்கவில்லை என்பதால் இதனை எவரும் மானியம் என்று அழைக்கவில்லை. ஆயினும் அதனினும் பெரிய மானியம் யாது?

ஆலை 1963-இல் இயங்கத் தொடங்கிற்று. மூங்கில் மலிவாயிருந்ததால் அதனைப் பேண வேண்டும் என்னும் கவலை எவருக்கும் எழவில்லை. மூங்கில் அருகியது. ஆலையின் பசியோ அருகவில்லை. ஆதலால் இயற்கைக் காட்டை வெட்டிவிட்டு ஆலைக்கென்று யூகலிப்டஸ் நடும் காலம் வந்தது. 1975-இல் தோன்றிய கேரள வன வளர்ச்சிக் கழகமும் காகிதத்துக்கு வேண்டிய மரத்தோட்டங்களை வளர்ப்பதையே முதன்மைப் பணியாகக் கொண்டது. சாலியாற்று நீரின் நிறம் மாறிய கதையும், 1985 முதல் 1988 வரை ஆலை மூடிக்கிடந்தபோது தொழிலாளர் குடும்பங்கள் பட்ட துன்பமும் தனியே எழுதத் தக்கவை. 2001-இல் ஆலை முற்றாக மூடப்பட்டது. தமிழ்நாட்டில் சிறுமுகை விஸ்கோஸ் ஆலையின் வரலாறும் ஏறத்தாழ இதுவே. நீலகிரி மரத்தைத் தின்று, பவானியாற்றைக் கெடுத்து, 1990-களில் அதுவும் ஓய்ந்தது. ஆலைகள் போயின, அவற்றுக்கென்று நட்ட மரங்கள் மலைமேல் நிற்கின்றன. இன்று காட்டை மீட்பதென்னும் பெயரால் நாம் அகற்ற வேண்டியவற்றுள் அவையும் அடங்கும்.

இந்த அனுபவத்தின் பயனாகவே 1988-ஆம் ஆண்டுத் தேசிய வனக் கொள்கையில், தொழிற்சாலைகளுக்குக் காட்டுப் பொருளைச் சலுகை விலையில் கொடுக்கும் வழக்கம் நிற்க வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதினர். ஆலைக்கு மரம் வேண்டுமாயின் உழவரோடு சேர்ந்து வளர்த்துக்கொள்க என்பது அதன் பொருள். நல்ல வாசகம். அதனை மாற்றிவிடாமல் காப்பதே பெரும்பாடு. கேரள அரசினர் 2021-இல் வெளியிட்ட காடு மீட்புக் கொள்கை, யூகலிப்டஸ், அக்கேசியா, வாட்டில் தோட்டங்களைப் படிப்படியாக அகற்றி இயற்கைக் காடாக்குவதென்று கூறியது. மூன்றாண்டு கழிவதற்குள், 2024 மே திங்களில், வன வளர்ச்சிக் கழகத்தின் பண முட்டுப்பாட்டைக் காட்டி யூகலிப்டஸ் நடுவதற்கு இடந்தரும் ஆணையொன்று வெளிவந்தது. எதிர்ப்பு எழுந்தது, ஆணை திருத்தப்பட்டது. ஒரு நிறுவனம் மரம் விற்றே பிழைக்க வேண்டும் என்று அமைத்துவிட்டால், மரம் வேண்டாம் என்று முடிவு செய்த பின்னும் அது மரத்தையே நாடும். அது அந்நிறுவனத்தின் தீய எண்ணமன்று, அமைப்பின் இயல்பு.

இங்கே இருப்புப்பாதையையும் ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆக வேண்டும். நமக்குச் சோறிடுவதாயிற்றே என்று மறைத்தல் அழகன்று. இந்நாட்டில் பாதை போடத் தொடங்கியபொழுது ஒரு மைலுக்கு ஏறத்தாழ 2,000 மரக்கட்டைகள் தண்டவாளத்துக்கு அடியில் வேண்டியிருந்தன. அக்கட்டைக்காகத் தேக்கும் சாலும் தேவதாருவும் வீழ்ந்த வேகத்தைக் கண்டு அஞ்சியே 1864-இல் வனத்துறை என்றொரு துறையை ஆங்கிலேயர் ஏற்படுத்தினர். காட்டின் மீதுள்ள அன்பினால் அன்று, நாளைய கட்டைக்கு மரம் வேண்டுமே என்னும் கவலையால். பின்னர் சிமென்டுக் கான்கிரீட்டுக் கட்டை வந்த பிறகே இருப்புப்பாதைக்கு மரப்பசி தணிந்தது.

மீண்டும் மானியத்துக்கு வருவோம். நம் நாட்டில் 2022 நவம்பரில் நடுவண் அரசினர் தேசிய உயிர்ச்சக்தித் திட்டத்தை அறிவித்தனர். 2026 மார்ச் வரையான காலத்துக்கென வகுத்த அத்திட்டத்தின் முதற்கட்டத்துக்கு 858 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. வைக்கோல், சக்கை, மரத்தூள் முதலியவற்றை அழுத்திப் பிரிக்கெட் எனப்படும் எரிகட்டி செய்யும் ஆலைக்கு, மணிக்கு ஒரு டன் செய்யும் ஆற்றலுக்கு 9 இலட்சம் ரூபாய் வீதம், ஓர் ஆலைக்கு 45 இலட்சம் வரை அளிப்பதென்பது அவ்வறிவிப்பு. வயலில் வைக்கோலைக் கொளுத்திப் புகைமண்டலம் ஆக்குவதைத் தடுக்க அது நல்ல திட்டமே. ஆயினும் மேலே நாம் போட்ட கணக்கை அருகில் வைத்துப் பாருங்கள். 5,000 டன் மரத்துக்குக் காடு பெறுவது பதினேழரை இலட்சம். ஒரு பெரிய எரிகட்டி ஆலை பெறத்தக்க மானியம் 45 இலட்சம். மானியத்தின் அளவுகோலும் ஆலை மணிக்கு எத்தனை டன் செய்யும் என்பதே. எத்தனை ஏக்கர்க் காட்டில் களை ஒழிந்தது, ஒழிந்த இடத்தில் மறுபடி முளைக்கவில்லையா என்பது அக்கணக்கில் ஒரு பத்தியாக இல்லை. அமெரிக்கச் சட்டத்தில் ‘காட்டைச் சீர்ப்படுத்தும் பணியில் வரும் மரம்’ என்னும் நிபந்தனை முன்னின்றதே, அந்த ஒரு தொடர் நம் ஊர்த் திட்டங்களில் சேருமாயின் பாதி வழி கடந்தவராவோம்.

பாதி வழி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. களை என்பது ஒழிந்து தீர வேண்டிய பொருள். ஆலை என்பது ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய பொருள். வங்கியில் கடன் வாங்கி, பொறி பூட்டி, ஐம்பது பேருக்கு வேலை கொடுத்த ஒருவர், ஐந்தாம் ஆண்டில் களை தீர்ந்துவிட்டது என்று கேட்டு மகிழ்வாரா? மகிழ மாட்டார், அவரிடம் வேலை பார்க்கும் நம்மவரும் மகிழ மாட்டார். சீமைக் கருவேலத்தை அடியோடு அகற்ற வேண்டும் என்று 2017-இன் தொடக்கத்தில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை கடுமையாக ஆணையிட்டபோது, இராமநாதபுரம் பகுதியில் மூட்டம் போட்டுக் கரி சுட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் திகைத்ததை நாம் கேட்டறிவோம். அவ்வாண்டிலேயே அவ்வாணை நிறுத்திவைக்கப்பட்டது. அம்மரம் நிலத்துக்குக் கேடு என்பதை அவர்கள் மறுக்கவில்லை. வானம் பொய்த்த ஆண்டுகளில் தம் அடுப்பு எரிந்தது அதனால்தான் என்பதையும் அவர்கள் மறக்கவில்லை. களையை நம்பி ஒரு தொழில் வேரூன்றிவிட்டால், களையைப் பிடுங்கும்போது அத்தொழிலின் வேரும் சேர்ந்து வருகின்றது.

ஆகவே மானியம் பெறும் ஆலை சிறியதாக இருத்தல் நன்று. இடம் பெயரக் கூடியதாக இருத்தல் மிக நன்று. களை தீர்ந்த பின் வேறு தீனி உண்ணத் தெரிந்ததாக இருத்தல் எல்லாவற்றினும் நன்று. எரிகட்டி செய்யும் பொறி இதற்கு ஓரளவு பொருந்தும். உண்ணிச்செடியின் தண்டை நறுக்கி, வெயிலில் காய வைத்துத் தூளாக்கி, பொறியில் இட்டு மிகுந்த அழுத்தத்தில் நெருக்குவர். அழுத்தத்தால் சூடேறும்போது மரத்திலேயே உள்ள பசைப்பொருள் இளகித் துகள்களைப் பிணைத்துவிடும். வேறு பசை வேண்டியதில்லை. காட்டோரத்தில் உலர்த்தித் தூளாக்கினால் நீரைச் சுமக்கும் லாரிக்கூலி மிஞ்சும். உண்ணிச்செடி தீர்ந்தால் அப்பொறி தேங்காய் மட்டையையும் நிலக்கடலைத் தோலையும் உண்ணும்.

கைத்தொழிலும் உண்டு. மாதேசுவரன் மலையில் சோளகர்கள் உண்ணித் தண்டை வேகவைத்துப் பட்டை நீக்கி நாற்காலியும் கட்டிலும் செய்யக் கற்றனர்; அத்ரி என்னும் ஆய்வு நிறுவனம் அவர்களுக்குத் துணைநின்றது. கூடலூர்ப் பக்கத்தில் பெட்டக்குறும்பரும் பணியரும் காட்டுநாயக்கரும் அதே தண்டால் மெய்யான யானையின் அளவுக்கு யானை உருவங்களைச் செய்தனர். அவ்வுருவங்கள் 2021-இல் இலண்டன் மாநகரப் பூங்காக்களில் கூட்டமாக நின்று பார்ப்போரை வியக்க வைத்தன. இவற்றால் காடு முழுதும் தூய்மையாகிவிடாது. ஒரு யானை எத்தனை புதரைத்தான் விழுங்கும்? ஆயினும் இத்தொழிலில் பொருளின் விலை மரத்தின் எடையில் இல்லை, கையின் திறத்தில் இருக்கின்றது. டன் கணக்கில் வெட்ட வேண்டிய கட்டாயம் அங்கே எழுவதில்லை.

சட்டத்தின் முட்டுக்கட்டையும் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, புகலிடத்திலிருந்து எடுக்கும் காட்டுப் பொருளைச் சுற்றுவட்டாரத்து மக்கள் தம் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தலாம், வாணிகத்துக்குப் பயன்படுத்தலாகாது என்கின்றது. 1996-இல் கோதவர்மன் வழக்கில் உச்சநீதிமன்றம் ஆணையிட்ட நாள்முதல் உரிமமில்லாத மர ஆலைகளுக்கும் இடமில்லை. காட்டெல்லையை அடுத்து ஆலை அமைப்பதற்கு விதிகள் எளிதில் இசைவதில்லை. களையை வெளியேற்ற நினைப்பவருக்கு இவ்விதிகள் இடைஞ்சலாகத் தோன்றும். நமக்கோ, இவை சற்று இடைஞ்சலாகவே இருக்கட்டும் என்றே தோன்றுகின்றது. களை ஏற்றிய லாரியின் அடித்தட்டில் ஈட்டி மரம் ஏறாது என்று எவரும் பிணைகொடுக்க இயலாது. களைக்கென்று தனி வழி திறப்பதாயின், அவ்வழியில் ஒவ்வொரு வண்டியையும் அளந்து எழுதும் சாவடியும் வேண்டும். அச்சாவடிக்கு ஆகும் செலவும் மானியத்தில் அடங்க வேண்டும்.

இனி நம் எல்லையோரத்துக்கு வருவோம். இங்கே ரப்பர் மரம் இருக்கின்றது. இருபத்தைந்து முப்பது ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை உழவர் வெட்டி விற்கின்றனர். அது காட்டு மரமன்று, தோட்டத்து மரம். அதனைப் பலகையாக்கிப் பயன்படுத்தும் ஒவ்வொரு வீட்டுக்கும் காட்டில் ஒரு மரம் மிஞ்சுகின்றது. ஆனால் ரப்பர் மரத்தில் மாவுப்பொருள் மிகுதி. வெட்டிப்போட்ட சில நாளிலேயே நீலப்பூசணம் படரும், வண்டு துளைக்கும். உடனே அறுத்து, காற்றகற்றிய உருளைக்குள் வைத்து, போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த நீரை அழுத்தத்தால் உட்செலுத்தி, பின் சூட்டறையில் உலர்த்தினால் மேசைக்கும் கதவுக்கும் நெடுநாள் உழைக்கும் பலகை ஆகின்றது. அவ்வாறு செய்யும் வசதி அருகில் இல்லாத உழவர், வந்த விலைக்கு மரத்தை ஏற்றிவிடுகின்றார். அது பெரும்பாவூர் ஒட்டுப்பலகை ஆலைகளுக்கும் பெட்டி செய்யும் இடங்களுக்கும் போய்ச் சேர்கின்றது. நெய்யாற்றின்கரையிலோ களியக்காவிளைக்கு அப்பாலோ இத்தகைய பதப்படுத்தும் கூடம் ஒன்றுக்கு மானியம் கொடுத்தால், அதன் பசி காட்டைத் தொடாது. ஆண்டுதோறும் தோட்டமே அதற்கு உணவளிக்கும். தேவைப்பட்ட ஆண்டில் நம் மாவட்டத்துப் பாலோட்டுப் பகுதித் தோட்டங்களில் நிற்கும் அக்கேசியா மரத்தையும் அதே அறுவைப்பொறி அறுக்கும். அக்கேசியா தீர்ந்தாலும் கூடம் மூடாது. ஏனெனில் அது அக்கேசியாவை நம்பிப் பிறந்ததன்று.

நெய்யாற்று இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்கு நீர் விடுவது 2004-இல் நின்றது. 2012-இல் தமிழ்நாடு உச்சநீதிமன்றத்துக்குச் சென்றது. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் உறவினரைக் கொண்ட நம்மவர் அவ்வழக்கைப் பற்றித் திண்ணைதோறும் வாதிடுகின்றோம். மலைமேல் நீரைப் பிடித்துவைக்கும் காட்டில் என்ன மரம் நிற்கின்றது என்று வாதிடுவாரைத்தான் காணோம். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் இரு மாநிலத்துக்கும் பொதுவானது. 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. களை எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை. முதுமலையில் பிடுங்கியது வயநாட்டிலிருந்து மீண்டும் விதைபெறும்; வயநாட்டில் பிடுங்கியது முதுமலையிலிருந்து பெறும். இரு அரசினரும் ஒரே பருவத்தில் ஒரே மலைத்தொடரில் வேலை செய்யாதவரை ஆலைக்கு மட்டும் சரக்குக் குறையாது.

மானியம் வரும் என்றே நாம் நம்புகின்றோம். வரும்போது அதன் ஒரு பகுதி பொறிக்கும் கட்டடத்துக்கும் போகட்டும். மற்றொரு பகுதியை இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் அதே இடத்துக்குத் திரும்பிப் போய்க் கன்று பிடுங்குவோரின் கூலியாக முன்னரே எடுத்து வைத்தல் வேண்டும். இடத்தைச் சென்று பார்த்து, முளைக்கவில்லை என்று காட்டுவாசிகளின் கிராமசபை எழுதிக்கொடுத்த பின்னரே ஆலைக்குரிய கடைசித் தவணை போகவேண்டும். இவ்வளவு கெடுபிடி செய்தால் ஆலை வைக்க யார் வருவார் என்று கேட்கலாம். டன்னுக்கு ஒரு ரூபாய் என்றபோது வந்தவர்களை நாம் பார்த்தாயிற்று.

நம் வாசகருள் சிலருடைய உற்றார் கூடலூரிலும் சுல்தான் பத்தேரியிலும் இக்களை பிடுங்கும் வேலைக்குச் செல்வதாக அறிகின்றோம். அவர்களுக்கு நாளொன்றுக்குக் கிடைக்கும் கூலி எவ்வளவு, ஒருமுறை பிடுங்கிய இடத்துக்கு மறுபடியும் அவர்களை அழைத்தனரா, அழைத்தது எத்தனை திங்கள் கழித்து என்னும் மூன்றையும் கேட்டு நமக்கு ஓர் அஞ்சலட்டையில் எழுதியனுப்புங்கள். வருவனவற்றை அடுத்த இதழில் இப்பகுதியிலேயே வெளியிடுவோம்.